வாய்க்கூடை கழற்றிய பொங்கல்

எழுபதுகளின் கடைசியில் கலசப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கரண்ட் கம்பம் வந்துவிட்டது. வந்த கையோடு ஆயில் இன்ஜின் கசந்துவிட்டது. நேற்றுவரை ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் அப்பியவர்கள்தான், மோட்டார் சுவிட்சைத் தட்டிப் பழகியதும் "இந்தச் சனியன எவன் தலையிலனா கட்டிவுடு மேஸ்திரி" என்று என் கடை வாசலில் வந்து நின்றார்கள். நான் கடைத்தெருவில் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கட்டிவிடத் தலைகளும் கிடைத்தன, எல்லாம் ஜவ்வாது மலைமேல்.

மலைக்கு அப்போது கரண்ட் வருவதாக யாரும் பேசக்கூட இல்லை. கிணறு வெட்டித் தண்ணீரும் கண்டவர்கள், மாட்டைக் கட்டி இறைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வேண்டாம் என்று ஒதுக்கிய இன்ஜின் மேலே அவர்களுக்குப் பெரிய சொத்து. ஆனால் அவையெல்லாம் என் அப்பா வயதுள்ள சீமை இன்ஜின்கள். ஓடினால் ஓடும், முரண்டு பிடித்தால் நாள் முழுக்க ஹேண்டில் சுற்றினாலும் இருமக்கூட இருமாது. ஒரு நட்டு தளர்ந்ததற்கெல்லாம் என்னைத் தேடி பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். இன்ஜின் வாங்கினால் நானும் கூடவே வருவேன், வீட்டில் ஒருத்தராவது ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொள்ளும் வரை தங்குவேன், அதற்குப் பிறகு சின்ன விஷயத்துக்கு என்னைக் கூப்பிடக்கூடாது. என்னைப் பெரிய மனசுக்காரன் என்று மலையில் சொல்லிக்கொண்டார்களாம். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அடிக்கடி அந்த ஏற்றம் ஏற எனக்குப் பொறுமை கிடையாது.

கற்றுக்கொடுப்பது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருத்தர் இன்ஜின் கிளம்பாவிட்டால் கல்லை எடுத்து அடிப்பார். இன்னொருத்தர் இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் டிரம்மில் டீசலை ஊற்றிவிட்டு, டீசல் டேங்கைக் காட்டி "ரொம்பவே மாட்டேங்குதே" என்று கேட்டார். நான் கத்துவேன். அவர்கள் சிரிப்பார்கள். கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிவிடும். அந்தக் கூட்டத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ஜமுனாமரத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இன்ஜின் வாங்கினார்கள். இரண்டு பேரும் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்கள். முதல் நாளே அந்தம்மா என்னைத் தம்பி என்று கூப்பிட்டதால் நான் அக்கா என்றேன். அக்கா புருஷன் மாமாதானே, அவரை மாமா என்றேன். அவர் மட்டும் உறவுக்குள் வராமல் "மேஸ்திரி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இன்ஜின் பிடிக்கவில்லை. அவர்களிடம் ஒரு ஜோடி எருது இருந்தது. கவலை இறைக்கும் எருது. சரிவில் மாடு இறங்கினால் கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் மேலே வரும், மாடு பின்னால் ஏறினால் சால் உள்ளே இறங்கும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை கயிற்றில் உட்கார்ந்து ஓட்டி ஓட்டி மாமாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியாது. அக்காதான் ஒற்றைக் காலில் நின்று, எருது ஜோடியை விற்று இன்ஜின் வாங்க வைத்தார். மாடு செங்கம் பக்கம் போனது. மாமா முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஜினின் சக்கரத்தைத் தனியாகக் கழற்றி உருட்டிக்கொண்டும், உடம்பைக் கழியில் கட்டித் தோளில் சுமந்துகொண்டும் ஊரே சேர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கே வைப்பது என்று கேட்டேன். கிணற்றடியில் எருதுகளுக்குப் போட்டிருந்த கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அங்கேயே வைத்தோம். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மாமாவுக்குத்தானே நான் கத்துக்குடுக்கணும்? ஹேண்டில் சுத்த ஆம்பள வேணாமா?" என்றேன்.

"அவரு கை வெக்க மாட்டாரு தம்பி. எனக்குச் சொல்லு, நான் சுத்துறேன்" என்றார் அக்கா.

சொன்னபடியே சுற்றினார். இழுத்துச் செருகிய முந்தானையோடு ஹேண்டிலைப் பிடித்தால் அந்தச் சக்கரம் அவருக்குப் பயந்த மாதிரி சுழலும். ஆனால் பலத்தைவிட அவருடைய காதுதான் பெரிது. டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்துவிட்டால் இன்ஜின் நிற்கும். நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்போம். அது நிற்கப்போவதற்கு முன்பே, சத்தம் மாறுவதை வைத்து, களை பறிக்கிற இடத்திலிருந்து எழுந்து வருவார். டீசலைப் பீய்ச்சும் நாஸிலைக் கழற்றித் துடைப்பதும், வால்வு இடைவெளியை ஒரு பழைய பிளேடைச் செருகிப் பார்த்துச் சரிசெய்வதும், பம்புக்குச் சாணிக் கரைசல் ஊற்றிக் காற்றுப் புகாமல் அடைப்பதும் சொல்லச் சொல்ல வந்துவிட்டது. கத்துவதற்கே வாய்ப்புக் கொடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எல்லாவற்றுக்கும் அவர் தனியாகப் பேர் வைத்தார். சக்கரம் வேகம் பிடிக்கும் வரை இன்ஜினைக் கிளம்பவிடாமல் பிடித்துவைக்கிற லிவர் மூக்கணாங்கயிறு. சக்கரத்துக்குத் திமில் என்று பேர். காற்று உள்ளே போகும் குழாய் வாயில் தூசு போகாமல் ஒரு தகர டப்பா, வலை வைத்து மாட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா தம்பி, இதுக்கும் வாய்க்கூடை போட்டு வுட்டுக்கீறாங்க? பயிர மேஞ்சிடும்னா?"

வயலில் ஏர் ஓட்டும்போது மாடு பயிரைக் கடிக்காமல் இருக்க வாயில் கட்டுகிற கூடை அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏர் பில்ட்டருக்கு வாய்க்கூடை என்றே பேர். சாயங்காலம் மாமா வந்ததும் அவரிடமும் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் ஓரக்கண்ணால் அந்த டப்பாவைப் பார்த்தார்.

அவர் ஏன் கை வைக்கமாட்டார் என்பதை அக்கா ஒருநாள் சாமைச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் அவர்களிடம் ஒரு கன்றுக்குட்டி இருந்ததாம். மாமா கட்டிய கயிறு குட்டையாகிப் போய், மேட்டிலிருந்து வழுக்கிய கன்று கயிற்றிலேயே தொங்கிச் செத்துவிட்டது. மாமா யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கே இருந்தார் என்று தெரியாது. திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக வந்தார்.

"என் கையில வந்தது செத்துப்பூடும்னு ஒரு நெனப்பு தம்பி அவருக்கு. நான் எவ்ளோ சொல்லியும் போவல."

இன்னொன்றும் அந்த ஊரில் தெரிந்துகொண்டேன். மாட்டு வியாபாரத்தில் ஒருத்தன் ஏமாற்றினால், அவன் வீட்டில் இவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், இவர்கள் வீட்டில் அவனுக்கும் தண்ணீர் கிடையாது. சாகிற வரைக்கும் அப்படித்தான். மாமாவின் சொந்தப் பெரியப்பா மகன், நொண்டி எருதை நல்ல எருது என்று தள்ளிவிட்டவர், அடுத்த வயலில்தான் இருந்தார். கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் பக்கத்தில் நிற்பார்கள், தண்ணீர் மட்டும் வாங்கிக்கொள்ளமாட்டார்கள். மாமா அந்த விஷயத்தில் ஊரிலேயே கெட்டிப் பிடிவாதக்காரர் என்று பேர் எடுத்தவர். இதையெல்லாம் நான் அப்போது வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் அக்கா முதல் தடவையாகக் கிணற்றை நம்பி நெல் போட்டார். நான் சும்மா இருக்காமல், வேறு வீட்டு இன்ஜினுக்குப் போகும்போதெல்லாம் வழியை வளைத்துக்கொண்டு அங்கே போவேன். ரிப்பேர் இருக்காது. களியும் கீரைக் குழம்பும் இருக்கும். போகப் போக மாமாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒருமுறை போனபோது கொட்டகைக்குப் புது ஓலை வேய்ந்திருந்தார். அடுத்த முறை, இன்ஜின் மேல் வெயில் படாமல் சாக்கு கட்டியிருந்தார்.

"இன்னா மாமா, வூட்டுக்கு வந்த மருமகள நல்லா பாத்துக்கிறாப்பல கீதே" என்று சீண்டினேன்.

"இரும்புக்கும் வெயில் சுடும்ல மேஸ்திரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதுவரை சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

பொங்கல் கழிந்து, பஸ் டிரைவரிடம் அக்கா சொல்லி அனுப்பிய செய்தி வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, உடனே வா என்று. அக்காவால் முடியாத ரிப்பேர் என்றால் சின்ன விஷயமாக இருக்காது. பெரிய பையை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே மலை ஏறினேன்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு புளியமரம். அக்கா அதன் கீழ் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அழுது முடித்த முகம்.

"இன்ஜினாண்ட போறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேளு தம்பி. மாட்டுப்பொங்கலன்னிக்கி அத அவரு குளுப்பாட்டிட்டாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. ஊரில் எல்லோரும் மாட்டை ஓட்டிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டியிருக்கிறார்கள். இவர்கள் வீட்டில் குளிப்பாட்ட மாடு இல்லை. அக்கா ஓடைக்குத் துணி துவைக்கப் போன நேரம், மாமா குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்து இன்ஜினைக் குளிப்பாட்டியிருக்கிறார். மஞ்சள் கரைத்து ஊற்றியிருக்கிறார். பூமாலை போட்டிருக்கிறார். மாட்டுப்பொங்கல் அன்று யாரும் மாட்டுக்கு வாய்க்கூடை போட்டு வைப்பதில்லை. அதனால் அந்தத் தகர டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தில் ஊற்றுவது போல அந்தக் குழாயின் வாயிலேயே தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பிறகு, அக்கா வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றியிருக்கிறார். அக்கா செய்வதைப் பார்த்துப் பார்த்து வேகம் வரும்வரை சுற்றி லிவரை விட்டிருக்கிறார். உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது. காற்று மாதிரி தண்ணீர் நசுங்காது; சக்கரத்தின் வேகத்தில் பிஸ்டன் போய் அதில் மோதியிருக்கிறது. ஓடையில் இருந்த அக்காவுக்கே அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

"மூளை கீதா அந்த ஆளுக்கு?" என்று நான் எகிறினேன். "இரும்பைப் போய் எவனாவது..."

அக்கா என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தாத தம்பி. வாய்க்கூடைன்னு பேரு வெச்சது நானு. அத நெனச்சிக்கினுதான் கழட்டிக்கீறாரு. தண்ணிதான் காரணம்னு அவருக்குத் தெரியாது. என்னமோ ஒடஞ்சிப்போச்சின்னு நெனச்சிக்கினு கீறாரு. தெரிஞ்சிதோ, அன்னிக்கிப் போனாப்பல போய்டுவாரு. இந்த வாட்டி திரும்பி வருவாரோ மாட்டாரோ. வேற எதனா சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

மாமா இன்ஜினுக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். வாடிய மாலை இன்னும் சக்கரத்தில் தொங்கியது. வாய்க்கூடையை மட்டும் யாரோ திரும்ப மாட்டியிருந்தார்கள், அக்காவாகத்தான் இருக்கும். மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினேன். குறுக்கே விரிசல். பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. அந்த இன்ஜினுக்குக் கிடைக்காத சாமான் எல்லாம் ஒரே அடியில் போயிருந்தது. பிஸ்டன் தலையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் மஞ்சள் படிந்திருந்தது. மாமா எட்டிப் பார்ப்பதற்குள் அழுக்குத்துணியைப் போட்டுத் துடைத்துவிட்டேன்.

"இன்னா மேஸ்திரி ஆச்சு?" என்றார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழகியவனாக இருந்தால் டீசல் கலப்படம் என்று எங்கேயோ இருக்கிற எவன் தலையிலாவது போட்டிருப்பேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது வேறு.

"ராடு பழசு மாமா. உள்ள ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கு. என்னைக்கினாலும் போயிருக்கும். இது இனிமே ஓடாது."

"ஏற்கெனவேன்னா? நீங்க இட்டாரும்போதேவா?"

அப்போதுதான் நான் எதில் காலை விட்டேன் என்று எனக்கே உறைத்தது. பின்னால் நின்ற அக்காவுக்கும் உறைத்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்க்காமல் "ஆமா மாமா" என்றேன்.

மலை ஏறி வந்ததும் அக்கா எனக்கு வைத்த தண்ணீர்ச் சொம்பு பக்கத்தில் இருந்தது. நான் இன்னும் குடிக்கவில்லை. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தச் சொம்பை எடுத்து, தண்ணீரை என் முன்னாலேயே தரையில் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். ஒரு வசவு இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

மாட்டுக்குப் பதிலாக வந்தது என்பதால் இன்ஜினும் அந்த ஊர்க் கணக்கில் மாடுதான். நான் நொண்டி மாட்டை விற்றவன். அக்கா புளியமரம் வரை கூடவே வந்தார். திரும்பும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நெல்லை ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நாள் மாடு கொடுத்துக் கவலை இறைத்துப் பாதியாவது காப்பாற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாமா வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. அதுதான் வேண்டியது, கிடைத்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். ஆனால் மலை ஏறும்போதெல்லாம் அந்த வழி பிரியும் இடத்தில் கால் தானாகத் திரும்பும். இழுத்துக்கொண்டு நேராகப் போவேன். எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். இன்ஜின் நிற்பதற்கு முன்பே காது கொடுத்துக் கேட்டு எழுந்து வருகிற ஆளை மறுபடி நான் பார்க்கவில்லை. எவனாவது கல்லை எடுத்து அடிக்கும்போது அக்கா ஞாபகம் வந்து, கத்தவும் தோன்றாமல் உட்கார்ந்துவிடுவேன்.

வருஷங்கள் போயின. எண்பதுகளின் பாதியில் ஒரு சந்தை நாள். கடையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. மாமா. தலை பூராவும் நரைத்து, இடுப்பு இன்னும் வளைந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கடை மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டினார்.

"தாகமா கீது. தண்ணி குடு மச்சான்."

கேட்டது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். மொண்டு கொடுத்தேன். அவசரத்தில் பாதி சிந்தியது. அண்ணாந்து முழுதும் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்திக் கெடுத்தது நாந்தான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"நீதான். ஹெட்டக் கழட்டனதும் அவசரமா தொடச்ச பாரு, துணி பூரா மஞ்சளாச்சி. உள்ளார ஏது மஞ்சளு? நான் கரைச்சி ஊத்தனதுதான. அப்பவே தெரிஞ்சிட்ச்சி."

"தெரிஞ்சுமா அன்னிக்கி சொம்பக் கவுத்தீங்க?" எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தினி வருசம் நான் அந்தப் பக்கம் தல வெச்சிக்கூடப் படுக்கல மாமா!"

அவர் கீழே சிந்தியிருந்த தண்ணீரைக் கால் விரலால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நெமிர்ந்து பாத்தேன். அவ உம் பின்னாடி நின்னுக்கினு, உசுரக் கையில புடிச்சிக்கினு கீறா. நான் எங்க கெளம்பிடுவேனோன்னு. எனக்குத் தெரியும்னு காட்டிக்கினா, அதுக்கப்புறம் அவ ஒரு நாளும் நிம்மதியாத் தூங்க மாட்டா. ஏமாந்தவன் மாதிரியே இருந்துட்டேன். ஏமாந்தவன் தண்ணிய ஊத்தணும்ல."

பம்பின் நட்டுகளைக் காரணமில்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன்.

"அக்கா எப்டி கீறாங்க?"

"நல்லா கீறா. ஊர்ல எவன் இன்ஜின் நின்னாலும் அவளத்தான் கூப்புட்றாங்க. ஏர் எடுக்கப் போய்டுவா. வந்து உன்னப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டா. அன்னிக்கி மட்டும் சோறு எறங்காது."

"அப்ப நான் ஒரு நாள் வர்றேன் மாமா. கோவம் தீந்து போச்சின்னு சொல்லிடுங்க."

அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"எங்க பெரியப்பன் மகன் செத்தன்னிக்கிக்கூட அவன் வூட்டுல நான் தண்ணி குடிக்கல. அவளுக்கு என்ன நல்லாத் தெரியும். உன்ன வூட்டுக்குள்ள வுட்டா, எல்லாம் தெரிஞ்சிதான் வுட்டேன்னு கண்டுபுடிச்சிடுவா. இத்தினி வருசம் காப்பாத்தனது பூடும். நீ வராத மச்சான்."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர், திரும்பி வந்து, இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அக்காவை நான் பார்க்கவே இல்லை.